ஆத்தங்குடிக் கல்லில் ஒரு விண்வெளிப் போர்: படை செய்ததும் பாயிண்ட் போட்டதும்

கோடை விடுமுறைக்குச் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டில் கூடும் பிள்ளைகளுக்காக இரண்டு விண்வெளிப் படைகள் செய்தேன். ஒன்றின் பெயர் இரும்பர். கனத்த கவசம், ஆள் குறைவு, குறி அநேகமாகத் தப்பாது. இன்னொன்று ஈசல். மழை விட்ட மறுநாள் விளக்கைச் சுற்றும் ஈசல் மாதிரியே கூட்டமாக வரும், கூட்டமாகச் சாகும். இரும்பரை அண்ணன் மகள் எடுத்துக்கொண்டாள், ஈசலை அக்கா மகன். பொம்மை செய்வதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வீரனின் கையையும் கழற்றி வேறு ஆயுதம் மாட்டலாம் என்று வைத்துவிட்டு, அந்த ஆயுதத்துக்கு நியாயமான விலை போடுவது இருக்கிறதே, வேலையின் பெரும்பகுதி அதுதான்.

இந்த வகை விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக. மூன்று சென்டிமீட்டர் உயர வீரர்கள், பகடை, அளவு நாடா. ஒவ்வொரு வீரனுக்கும் ஆயுதத்துக்கும் ஒரு பாயிண்ட் விலை உண்டு. இரண்டு பேரும் 300 பாயிண்ட் என்று பேசிக்கொண்டால், அந்தத் தொகைக்குள் அவரவர் விருப்பப்படி படை கட்டிக்கொண்டு மோதலாம். உலகத்தில் பெயர் பெற்றது வார்ஹாமர் 40,000. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1987ல் வெளியிட்டது, முதல் பதிப்பை எழுதியவர் ரிக் பிரீஸ்ட்லி. கிரிம்டார்க் ஃபியூச்சர் என்று இன்னொன்று இருக்கிறது, அதன் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கும். ஒரு பக்கத்துப் படை முழுக்க நகர்ந்து முடித்த பிறகு மறுபக்கம் என்றில்லாமல், ஆளுக்கு ஓர் அணியாக மாற்றி மாற்றி நகர்த்தும் முறையை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். மற்ற விதிகள் எங்கள் சொந்தம். ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும், ஏழாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போட்டுப் பார்க்க முடிய வேண்டும். வேறு நிபந்தனை கிடையாது.

உடல்களைத் தெரிந்த ஒருவரின் த்ரீடி பிரிண்டரில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் எடுத்தேன். பிளாஸ்டிக் உருகி வெளிவரும் வழக்கமான 0.4 மில்லிமீட்டர் முனையில் முகமெல்லாம் மழுங்கிவிடும். 0.2 முனை போட்டு, ஒவ்வோர் அடுக்கின் உயரத்தையும் குறைத்தால் பொறுமையாகத்தான் பிரிண்ட் ஆகும், ஆனால் கவசத்தின் மடிப்புகூடத் தெரியும். பிஎல்ஏ பற்றி நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது, அது 60 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டாலும், பெயிண்ட் காயட்டும் என்று மொட்டைமாடித் தரையில் வைத்தாலும் துப்பாக்கிகள் தலை குனிந்துவிடும். குனிந்ததை வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் நிற்கும்.

அடித்தளத்துக்கு ஹார்டுவேர் கடையில் விற்கும் எம்12 வாஷர் போதும். விட்டம் 24 மில்லிமீட்டர், இந்த அளவுப் பொம்மைக்குப் பாந்தமாக இருக்கும். எடையும் இருப்பதால் மின்விசிறிக் காற்றுக்குச் சாயாது. நடு ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, அது இறுகுவதற்குள் மணலைத் தூவி அழுத்திவிட்டால் தரை வேலையும் முடிந்தது.

அடுத்தது காந்தம். படையை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வது என்பதே இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. கையைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் அந்த வீரன் ஆயுசுக்கும் துப்பாக்கிக்காரன்தான். காந்தம் வைத்தால் இன்று துப்பாக்கி, நாளை தீக்குழல், நாளை மறுநாள் பீரங்கி. இரும்பருக்கு 3 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள நியோடிமியம் வட்டுகள், ஈசலுக்கு அதைவிடச் சிறியவை. கைத்துளைப்பானால் தோளில் காந்தத்தின் கனத்தைவிட ஒரு மயிரிழை ஆழமாகத் துளை போட்டு, ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு இறக்க வேண்டும். துளை பெரிதாகிவிட்டால் சமையல் சோடாவைச் சிட்டிகை தூவி அதன் மேல் பசையை விட்டால் கல்லாக இறுகிவிடும்.

வடக்கு தெற்கு மாறினால் கை ஒட்டுவதற்குப் பதில் எகிறி விழும். அதனால் ஒரு காந்த அடுக்கைத் தனியாக எடுத்து வைத்து, ஒரு முனையில் சிவப்பு மார்க்கரால் பொட்டு வைத்து, அதையே அளவுகோலாக்கிக்கொண்டேன். எல்லாத் தோள்களும் சிவப்புப் பொட்டை இழுக்க வேண்டும், எல்லாக் கைகளும் தள்ள வேண்டும். இரண்டு படைக்கும் இதே ஒழுங்கு. இரும்பர் வைத்திருந்த பீரங்கியை ஈசல் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கதையை விளையாட்டில் கொண்டுவர இது பின்னால் உதவியது. ஒரு எச்சரிக்கை. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்த வேலையைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். காந்தங்கள் ஒன்றுக்கு மேல் வயிற்றுக்குள் போனால் குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

வாஷரின் அடியிலும் ஒரு காந்தம் ஒட்டினால் எடுத்துப் போவது எளிது. எவர்சில்வர் தாம்பாளத்தில் நிற்கும் என்று நினைக்காதீர்கள், பாத்திரத்துக்கு நல்ல ரகமாகப் போடும் எவர்சில்வர் காந்தத்தைச் சட்டை செய்யாது. செட்டிநாட்டு வீடுகளில் அடுக்கடுக்காகக் கிடக்கிற பழைய இனாமல் தட்டுகள் உள்ளே இரும்புத் தகடு. கவிழ்த்தால்கூட ஒரு வீரன் விழவில்லை. ஆத்தாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன், கேட்காமல் எடுத்தால் அது தனிப் போர்.

வண்ணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்ரிலிக், அதன் மேல் நீர்த்த பழுப்பு ஒரு கை. ஆனால் ஆயுதக் கைகளின் முனையில் மட்டும் நிற ஒழுங்கு வைத்தோம்: தீக்குழலுக்குச் சிவப்பு, பீரங்கிக்கு நீலம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் படையைப் பார்த்த மாத்திரத்தில் எவன் கையில் என்ன என்று தெரிய வேண்டும். "இவன் கையில இருக்கிறது துப்பாக்கி மாதிரித் தெரியும், ஆனா பீரங்கின்னு வச்சுக்குவோம்" என்று ஆரம்பித்தால் அந்தச் சண்டை சித்தி, பெரியம்மா வரைக்கும் போகும்.

களம் எங்களுக்கு ஏற்கெனவே போட்டுக் கிடந்தது. வளவை, அதாவது வீட்டு நடுவில் இருக்கிற திறந்த முற்றத்தை, சுற்றிய தாழ்வாரத்தில் எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல். ஆறுக்கு ஆறு கல்லை எடுத்துக்கொண்டால் 48 அங்குலம், சரியாக நாலடிச் சதுரம். துப்பாக்கி மூன்று கல் தூரம் எட்டும், தீக்குழல் ஒரு கல், நடை ஒரு ரவுண்டுக்கு முக்கால் கல். அளவு நாடாவை எடுக்காமலே பாதித் தூரம் கண்ணில் தெரிந்துவிடுகிறது. தரையில் பசையோ பெயிண்டோ சிந்தக் கூடாது என்பதால் ஒட்டும் வேலை முழுக்கத் திண்ணையில், தினத்தாள் விரித்துத்தான் நடந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமெண்டை ஊற்றி வார்க்கிற கல் அது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. கறை பட்டால் ஆசிட் ஊற்றித் தேய்க்கிற கல் இல்லை.

இடிபாடுகளுக்கு டிவி பெட்டியில் வந்த தெர்மாக்கோல். நேராக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் கரைந்து சிலந்திக் கூடாகிவிடும், முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை இரண்டு பூச்சு பூசிக் காயவிட வேண்டும். சூடான கம்பியால் அறுக்கும்போது வரும் புகை நல்லதல்ல, அதை மட்டும் வளவில் வானத்தைப் பார்க்க உட்கார்ந்து செய்தேன். தாழ்வாரத்துத் தூண்களில் இரண்டு களத்துக்குள்ளேயே வந்துவிட்டன. அவற்றைச் சுட்டுத் தகர்க்க முடியாது என்று ஒரு விதி எழுதிக்கொண்டோம்.

சரி, விலைக்கு வருவோம்.

இரும்பன் ஒருவன் ஒரு ரவுண்டுக்கு இரண்டு முறை சுடுவான். பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குறி படும். அவன் மேல் குண்டு பட்டால், 3 அல்லது மேல் போட்டுக் கவசத்தால் தடுத்துக்கொள்வான். இரண்டு உயிர். ஈசல் ஒரு முறைதான் சுடும், 5 அல்லது 6 விழ வேண்டும். கவசம் 6ல் மட்டும். ஒரே உயிர்.

இரும்பன் ஈசலைச் சுட்டால்: 2 முறை, குறி படும் வாய்ப்பு 4/6, கவசம் தவறும் வாய்ப்பு 5/6. பெருக்கினால் 1.11. அதாவது ரவுண்டுக்குச் சராசரியாக ஓர் ஈசலுக்குச் சற்று மேல். ஈசல் இரும்பனைச் சுட்டால்: 2/6 பெருக்கல் 2/6, ஒன்பதில் ஒரு பங்கு உயிர். இரண்டு உயிர் எடுக்கப் பதினெட்டு முறை சுட வேண்டும். 1.11ஐ அந்தப் பதினெட்டால் பெருக்கினால் இரும்பன் சரியாக 20 மடங்கு.

"இருபது மடங்கு பலசாலின்னா இருபது மடங்கு வெல போட்டுற வேண்டியதுதானே மாமா?" என்றான் ஈசல் தளபதி. அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று அண்ணன் மகளுக்கு உடனே புரியவில்லை. போட்டுப் பார்ப்போம் என்றேன். ஐந்து இரும்பருக்கு எதிரே நூறு ஈசல். இரும்பர் முதலில் சுட்டு ஐந்தாறு பேரைக் கொல்கிறார்கள். மிச்சம் இருக்கிற 94 பேர் திருப்பிச் சுட்டால் சராசரி பத்தரை உயிர் போகும். இரும்பரிடம் மொத்தமே பத்து உயிர்தான். ஒரே ரவுண்டில் ஆட்டம் காலி.

இதன் காரணத்தை 1916லேயே எழுதி வைத்திருக்கிறார் பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர், கார் வடிவமைத்த எஞ்சினியர். எல்லாரும் எல்லாரையும் சுட முடிகிற போரில் ஒரு படையின் வலு, தனி ஆளின் திறமையை எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. ஆள் இரண்டு மடங்கானால் வலு நாலு மடங்கு. ஏனென்றால் கூடுதலாக வருகிறவன் கூடுதலாகச் சுடவும் செய்கிறான், எதிரியின் குண்டைப் பங்கு போட்டுக்கொள்ளவும் செய்கிறான். அப்படியானால் 20 மடங்கு திறமையுள்ளவனுக்கு ஈடு 20 ஆள் இல்லை, 20இன் வர்க்கமூலம். சுமார் 4.5 ஆள். இரும்பனுக்கு 20 பாயிண்ட் என்று வைத்தால் ஈசலுக்கு நாலரை. ஐந்து இரும்பருக்கு எதிரே இருபத்திரண்டு ஈசல்.

வெட்டவெளியில் இது சரியாகவே நின்றது. தெர்மாக்கோல் இடிபாடுகளையும் தூணையும் வைத்ததும் ஈசல் தோற்கத் தொடங்கியது. வர்க்கக் கணக்கு எல்லாரும் சுட முடிகிற இடத்துக்குத்தான். சந்துக்குள் வரிசையாக வரும்போது முன்னால் நிற்கும் நாலு பேர்தான் சுடுகிறார்கள், பின்னால் நிற்கிறவன் வேடிக்கை பார்க்கிறான். அங்கே எண்ணிக்கைக்கு வர்க்க மதிப்பு கிடையாது, கணக்கு மெல்ல மெல்ல அந்த 20க்கு நெருங்கிப் போகிறது. ஒரே வீரன், ஒரே துப்பாக்கி, கல் மேல் என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது! இணையத்தில் எடுக்கும் விலைப்பட்டியலை அப்படியே நம் களத்தில் போட்டால் ஏன் இடறுகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெளிந்தது. மறுபக்கம், களத்தில் ஐந்து இடங்களைப் பிடித்து வைத்தால் வெற்றி என்ற விதி ஈசலுக்குச் சாதகம், நிற்க ஆள் இருக்கிறதே. இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஈசலுக்கு 4 என்று முடித்தோம். 100 பாயிண்டுக்கு 25 ஈசல்.

அந்த 4க்கு எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. இரும்பன் தன் துப்பாக்கியால் ஈசலைச் சுட்டால் ரவுண்டுக்கு 1.11 ஆள், அதாவது 4.44 பாயிண்ட் மதிப்பைக் கழிக்கிறான். இன்னொரு இரும்பனைச் சுட்டால் 0.44 உயிர், உயிருக்கு 10 பாயிண்ட், அதுவும் 4.44. எதிரே யார் வந்தாலும் சாதாரணத் துப்பாக்கி சமமாக உழைக்கிறது. எந்த ஆயுதத்துக்கு விலை போடுவதற்கும் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இனிதான் காந்தக் கைகளின் கதை. பீரங்கி ஒரே முறைதான் சுடும், கவசம் தடுக்காது, இரண்டு உயிரை எடுத்துவிடும். இதற்கு ஒரே விலை போட்டால் என்ன? முதலில் எனக்குத் தோன்றியது, நன்றாகக் குறி வைக்கிறவன் கையில்தான் பீரங்கிக்கு மதிப்பு அதிகம், அதனால் இரும்பர் இரட்டை விலை கொடுக்கட்டும் என்று. பல விலைப்பட்டியல்கள் போகும் வழியும் அதுதான். அண்ணன் மகள் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினாள். "சித்தப்பா, ஈசல் மேல சுட்டா எனக்கு இது நட்டம். ஒரு ஈசலுக்கு ரெண்டு உயிர் எடுக்கிற குண்டு எதுக்கு?" அவள் சொன்னது சரி. இரும்பன் கைப் பீரங்கி ஈசல் மேல் 4/6 பெருக்கல் 4, வெறும் 2.67 பாயிண்ட். கையிலிருந்த துப்பாக்கியே 4.44 கொடுத்தது. காசு கொடுத்து வலுவைக் குறைத்துக்கொள்கிற சமாச்சாரம்! அதே பீரங்கி ஓர் ஈசல் கையில், இரும்பனை நோக்கி: 2/6 பெருக்கல் 20, அதாவது 6.67. ஈசலின் துப்பாக்கி கொடுத்தது 1.11. ஆறு மடங்கு. குறி மோசமானவன் கையில்தான் இந்த ஆயுதம் லாபம்.

ஆனால் இரும்பரும் இரும்பரும் மோதினால் அந்தப் பீரங்கி 13 பாயிண்டுக்கு மேல் கழிக்கும். எதிரே யார் வருவார் என்று விலைச்சீட்டுக்குத் தெரியாது. கடைசியில் ஈசலுக்கு 12, இரும்பருக்கு 8 என்று தனித்தனி விலை வைத்தோம். ஆயுதத்துக்கு என்று ஒரு விலையை எழுதுவதை நிறுத்திவிட்டு, இன்னார் கையில் இன்ன ஆயுதம் என்று எழுதத் தொடங்கியதும் பாதித் தகராறு தீர்ந்தது.

"பீரங்கிக்காரனை ஈசல் கூட்டத்துக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிறான், அது மட்டும் நியாயமா?" என்று அவள் விடவில்லை. இதையும் போட்டுப் பார்த்தோம். பத்து ஈசல் அணியில் மற்ற ஒன்பது பேர் சாக, குறி பட்ட குண்டுகள் 10.8 வேண்டும். ஐந்து இரும்பர் அணியில் மற்ற நாலு பேரின் எட்டு உயிரும் போக 24 வேண்டும். ஒன்பது ஈசலின் விலை 36, நாலு இரும்பரின் விலை 80. வகுத்தால் இரண்டு பக்கமும் பாயிண்டுக்கு 0.3. இம்மி பிசகாமல் ஒன்று. அவள் நம்பாமல் மறுபடி வகுத்தாள். புகார் வாபஸ் ஆனது.

தீக்குழலுக்கு இதற்கு நேர்மாறான குணம். குறியே பார்க்க வேண்டாம், பகடையில் விழுந்த எண்ணிக்கை அத்தனையும் படும், சராசரி 3.5. யார் பிடித்தாலும் ஒரே பலன். குறி மோசமான ஈசலுக்கு இது யோகம். ஆனால் ஒரு கல் தூரத்துக்குள் போய்ச் சேர வேண்டுமே. செத்தவர்களை எடுக்கும்போது உரிமையாளர் விருப்பப்படி எடுக்கலாம் என்றிருந்தவரை தீக்குழல்காரன் எப்போதும் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தான். சுடுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவன்தான் முதலில் சாவான் என்று மாற்றினோம். இப்போது அவனை முன்னால் அனுப்புவதா பின்னால் வைப்பதா என்று அக்கா மகன் ஒவ்வொரு ரவுண்டும் தலையைச் சொறிகிறான். விலை இரு பக்கமும் 10. விலையைத் தொடாமல் ஒரு விதியை மாற்றியே சமன் செய்த இடம் இது.

வார்ஹாமர் 40,000 பத்தாம் பதிப்பு 2023ல் வந்தபோது, பெரும்பாலான அணிகளுக்கு ஆயுதத்துக்கென்று தனி விலை இல்லாமல் செய்துவிட்டார்கள். அணிக்கு ஒரு விலை, அதற்குள் எந்த ஆயுதத்தையும் மாட்டிக்கொள்ளலாம். கூட்டல் கழித்தல் குறையும், உண்மைதான். ஆனால் எல்லாம் ஒரே விலை என்றால் எல்லாரும் இருப்பதிலேயே நல்லதைத்தான் மாட்டுவார்கள், வெறும் துப்பாக்கியோடு ஒருவனும் வரமாட்டான். அவ்வளவு கஷ்டப்பட்டுக் காந்தம் பதித்துவிட்டு ஒரே கையை எப்போதும் மாட்டி வைப்பதற்கு நான் தயாராக இல்லை. எங்கள் பட்டியலில், வாங்கலாமா விட்டுவிடலாமா என்று பிள்ளைகள் இரண்டு நிமிஷம் முனகினால் அந்த விலை சரி. யோசிக்காமல் வாங்கினாலோ, திரும்பிக்கூடப் பார்க்காவிட்டாலோ ரப்பரை எடுத்து அழி.

மாற்றி மாற்றி நகர்த்தும் முறையில் ஒரு கள்ளத்தனம் ஒளிந்திருக்கிறது. 300 பாயிண்டுக்கு இரும்பர் மூன்று அணி. ஈசல் ஏழு அணி கட்டியது போக 20 பாயிண்ட் கையில் நிற்கும், ஒரு பீரங்கி வாங்கிக்கொள்ளலாம். இரும்பர் மூன்று முறை நகர்ந்ததும் முடிந்தது. அப்புறம் நாலு அணியை ஈசல் கேட்பாரில்லாமல் நகர்த்தலாம், எல்லாரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு. ஆள் விலையில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த லாபம் கணக்கில் ஏறாது. அணி குறைந்த பக்கத்துக்கு ‘பாஸ்’ சீட்டு கொடுத்தோம், வித்தியாசத்தில் ஒன்று குறைத்து. நாலு வித்தியாசம் என்றால் மூன்று சீட்டு. ஈசலுக்குக் கடைசி வார்த்தை இருக்கட்டும், கடைசிப் பத்தியே வேண்டாம்.

ஆத்தா இதையெல்லாம் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "புலி மூணு, ஆடு பதினஞ்சு. அதுக்கு யாருடா வெல போட்டா?" என்று கேட்டார். உண்மையில் நல்ல கேள்வி. ஆடு புலி ஆட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆளும் வேறு, வெல்லும் வழியும் வேறு. புலி தாண்டி வெட்ட வேண்டும், ஆடு அடைத்துக் கட்ட வேண்டும். அங்கே சமன் செய்வது கோடுதான். எந்தப் புள்ளியிலிருந்து எத்தனை வழி போகிறது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த ஆட்டத்தில் புலிக்குக் கையை மாற்ற முடியாது, ஆட்டுக்குப் பீரங்கி வாங்க முடியாது. ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டால் கோட்டை மட்டும் நம்ப வழியில்லை, விலை வந்தாக வேண்டும். பகடைக்குப் பதில் தாயக்கட்டை போதாதா என்றும் கேட்டார். ஒரு கட்டைக்கு நாலு முகம்தான், வாய்ப்பு கால் கால் பங்காகத் தாவும். ஈசலுக்கும் இரும்பருக்கும் நடுவில் நுணுக்கமான வித்தியாசம் வைக்க இடம் பத்தவில்லை.

அண்ணன் மகளுக்குப் பெரிதாக ஒன்று வேண்டுமாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் உடைந்த சுவர்க் கடிகாரத்தின் உள்ளுறுப்புகள் ஒரு பை கிடைத்தது. பல்சக்கரங்கள் முழங்காலாகவும் பேனா மூடி உடம்பாகவும் ஆகி, இரண்டு கால் இயந்திரம் ஒன்று எழுந்து நின்றது. பெயர் நடையன். பித்தளையைக் காந்தம் பிடிக்காது, அதனால் தோளில் ஓர் இரும்புத் திருகாணியைப் புதைத்துத்தான் கையை மாட்ட முடிந்தது.

இதற்கு ஆறு உயிர், கவசம் 2 அல்லது மேல். ஈசல் துப்பாக்கி இதைச் சாய்க்கச் சராசரி 108 முறை சுட வேண்டும், அதாவது முடியாது. பீரங்கி என்றால் ஒன்பது முறை. நாலு பீரங்கி இருந்தால் மூன்றாவது ரவுண்டுக்குள் நடையன் குப்பை. ஒன்றுமே இல்லையென்றால் களத்தில் ராஜா. எதிரி என்ன வாங்கியிருக்கிறான் என்பதை வைத்து இவ்வளவு ஊசலாடும் ஒன்றுக்கு எந்த விலையும் பொருந்தாது. 50 போட்டாலும் தப்பு, 90 போட்டாலும் தப்பு. அதனால் விலையை விட்டுவிட்டு, யாராக இருந்தாலும் நடையனை ஒட்டி நின்றால் வெடிப்பொதி கட்டலாம் என்று ஒரு விதி சேர்த்தோம். 6 விழுந்தால் ஓர் உயிர் போகும், கவசம் தடுக்காது. பத்து ஈசல் ஒட்டிக்கொண்டால் நாலு ரவுண்டில் சாய்ந்துவிடும். பீரங்கி வாங்காதவனுக்கும் ஒரு வழி கிடைத்தது, நடையனுக்கும் கூட்டத்துக்குள் புகப் பயம் வந்தது. அப்புறம்தான் விலையைப் பற்றிப் பேசவே முடிந்தது.

சோதனை பற்றிக் கடைசியாக ஒன்று. தோற்ற பிள்ளை உடனே விலையை மாற்றச் சொல்லும், மாற்றாதீர்கள். இரண்டு படையும் முற்றிலும் சமம் என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்து ஆட்டத்தில் ஏதோ ஒரு பக்கம் நாலோ ஐந்தோ ஜெயித்துவிடும் வாய்ப்பு 100க்கு 37க்கு மேல். வெற்றி தோல்வியை எண்ணுவதைவிட, ஒவ்வோர் அணியும் எதிரியின் எத்தனை பாயிண்டைக் கழித்தது என்று ஆட்டத்துக்கு ஒரு வரி எழுதி வைத்தால் சீக்கிரம் பிடிபடும். தன் விலையைப் போல இரண்டு மடங்கை அடிக்கடி கழிக்கிற அணி மலிவு. இன்னொன்று, படைகளை மாற்றிக்கொண்டு அதே ஆட்டத்தை மறுபடி ஆடுங்கள். யார் ஆடினாலும் ஈசலே ஜெயித்தால் கோளாறு பட்டியலில். ஈசலானாலும் இரும்பரானாலும் ஒரே பிள்ளை ஜெயித்தால் பட்டியலில் கை வைக்காதீர்கள், அது கெட்டிக்காரப் பிள்ளை. எங்கள் வீட்டில் இரும்பர் தளபதி அந்த ரகம் என்று தெரிந்த பிறகு, அவளுக்கு மட்டும் 300க்குப் பதில் 280 கொடுத்தோம். முகத்தைத் தூக்கிக்கொண்டாலும் பெருமைதான்.

இப்போதைக்கு நடையனின் விலை 70ல் நிற்கிறது. அண்ணன் மகள் 65 கேட்கிறாள், அக்கா மகன் 80க்குக் குறைய மாட்டேன் என்கிறான். வெடிப்பொதியை 5லும் 6லும் வேலை செய்யும்படி வைத்தால் 65க்கு அவன் சம்மதிக்கலாம். அப்படி வைத்தால் பத்து ஈசல் இரண்டு ரவுண்டிலேயே சாய்த்துவிடும், அதற்கு அவள் ஒத்துக்கொள்ள வேண்டும். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.